பத்து வயதைத் தாண்டாத பையன்

1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' அரைமணி நேரத் தொடராகத் தொடங்கியபோது பார்ட்டுக்கு வயது பத்து, தங்கை லிசாவுக்கு எட்டு, கைக்குழந்தை மேகிக்கு ஒன்று. இன்றும் அவர்களுக்கு அதே வயதுதான். அன்று பார்ட்டின் வயதில் அதைப் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகள் இப்போது அவன் அப்பா ஹோமரைவிட மூத்தவர்களாகிவிட்டார்கள். 2018இல் இந்த அனிமேஷன் தொடர், 635 எபிசோடுகள் ஓடிய பழைய தொடரான 'கன்ஸ்மோக்'கின் சாதனையையும் கடந்தது. இத்தனை நீண்ட ஆயுளைக் கொடுத்ததும், பின்னாளில் தொடரின் உயிர்ப்பைக் குறைத்ததும் வயதேறாமை என்ற ஒரே உத்திதான் என்பது என் கருத்து. உத்தி தன்னளவில் பிழையானதல்ல. குடும்பத்தை நிறுத்திவைத்துவிட்டு, உலகத்தை மட்டும் ஓடவிட்டதில்தான் சிக்கல் பிறந்தது.

முதலில் அந்த உத்தியின் பலத்தைச் சொல்ல வேண்டும். நடிகர்களை வைத்து எடுக்கும் குடும்பத் தொடரில் சிறுவனுக்குக் குரல் உடையும், மீசை அரும்பும். கதை அதன் பின்னால் ஓடியாக வேண்டும். பார்ட்டுக்குக் குரல் கொடுப்பவரோ நான்சி கார்ட்ரைட் என்ற பெண்மணி. அந்தக் கவலையே இல்லை. அவர்கள் வாழும் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரும் அப்படியே நிலைத்தது. பேராசை பிடித்த அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ், பக்திமான் பக்கத்துவீட்டுக்காரர் ஃப்ளாண்டர்ஸ், ஊழல் மேயர் குவிம்பி என்று ஒவ்வொருவரும் ஒரு நிறுவனத்தின் முகமானார்கள். எந்தப் பிரச்சினையை அந்த ஊருக்குள் கொண்டுவந்தாலும் அறிமுகம் தேவைப்படவில்லை. 1993இல் வந்த வேலைநிறுத்தக் கதையில், பல் மருத்துவக் காப்பீட்டை விட்டுக்கொடுக்க ஹோமரின் தொழிற்சங்கம் தயாராகிறது. அதே வேளையில் லிசாவின் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டியிருக்கிறது. தொழிலாளர் உரிமை என்ற பெரிய விஷயம் ஒரு குழந்தையின் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போல அல்லாமல், இன்னொரு தொலைக்காட்சிக் குடும்பமான வால்டன்களைப் போல இருக்க வேண்டும் என்று 1992இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் பேசினார். நாட்டின் அதிபரே ஒரு கார்ட்டூனைச் சுட்டிப் பேசினார் என்றால், அது எங்கோ சரியான இடத்தில் தைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

ஆனால் அந்த ஆரம்பகாலச் சிம்ப்சன்கள் காலமற்றவர்கள் அல்லர். ஹோமரும் பார்ட்டின் அம்மா மார்ஜும் 1974இல் பள்ளியில் காதலிக்கத் தொடங்கினார்கள் என்று 1991இல் ஒரு எபிசோடு காட்டியது. கல்லூரிப் படிப்பில்லாமல் ஆலை வேலை கிடைப்பதும், அப்பா தம் வீட்டை விற்றுக் கொடுத்த பணத்தில் வீடு வாங்குவதும், ஒற்றைச் சம்பளத்தில் ஐந்து பேர் கடனோடு காலம் தள்ளுவதும் அந்தத் தலைமுறைக்கே உரிய வாழ்க்கை. 2008இல் வந்த எபிசோடு அவர்களின் இளமையை 1990களுக்குத் தள்ளி, ஹோமரை கிரஞ்ச் இசைக்கலைஞனாக்கியது. மாறியது ஆண்டு மட்டுமல்ல. அந்த வீட்டுக்கும் வறுமைக்கும் இருந்த காரணமே அறுந்தது. இன்றைய இளைஞருக்கு ஒற்றைச் சம்பளத்தில் சொந்த வீடு என்பது எட்டாத வசதி. வாழ்க்கை வரலாறு கழன்றுபோன மனிதரிடம் எஞ்சுவது அவருடைய பழக்கங்கள்தான். ஹோமரின் அசட்டை மூர்க்கமாகப் பெருத்தது. நல்ல அயலாராக இருந்த ஃப்ளாண்டர்ஸ் வெறும் பக்திப் பொம்மையாகச் சுருங்கினார். இப்படிச் சுருங்குவதற்கு ரசிகர்கள் அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

இந்த உத்தியின் கடுமையான சோதனை, இந்தியாவிலிருந்து குடியேறிய கடைக்காரர் அபு. 1996இல், குடியேறிகளை வெளியேற்ற ஊரே வாக்களிக்கத் துடிக்கும் கதையில், அவருடைய அச்சத்தையும் தன்மானத்தையும் தொடர் பரிவோடு காட்டியது. ஆயினும் வெள்ளை நடிகர் ஹேங்க் அசாரியா அபுவுக்காக இழுத்துப் பேசிய அந்த உச்சரிப்பு, தெற்காசியப் பிள்ளைகளைப் பள்ளியில் சீண்டும் கருவியானது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படம் எடுத்துக் கேள்வி கேட்டார். ஒரு காலத்தில் ரசிக்கப்பட்டது இன்று தவறாகிவிட்டால் என்ன செய்வது என்ற சலிப்பையே தொடர் அடுத்த ஆண்டு பதிலாகத் தந்தது. அதையும் தொடரின் மனசாட்சியான லிசாவின் வாயால் சொல்லவைத்தது. 2020இல் அசாரியா அந்தக் குரலைக் கைவிட்டார். 1999இல் ஒரே பிரசவத்தில் அபுவுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அவர்களை வளரவிட்டிருந்தால் 2017இல் பதினெட்டு வயது. கொண்டபோலு வெளியிலிருந்து கேட்ட கேள்வியை அவர்களே அப்பாவின் கடைக்குள் நின்று கேட்டிருப்பார்கள்.

கார்ட்டூன் பாத்திரங்களுக்கு வயதாவதில்லை, அதுதானே மரபு என்று மறுக்கலாம். ஜப்பானில் 1969 முதல் ஓடும் 'சசாயே-சான்' குடும்பத்துக்கும் வயதாகவில்லைதான். ஆனால் அங்கே கைப்பேசி நுழையாத பழைய ஜப்பானும் அவர்களோடு சேர்ந்து நின்றுவிட்டது. வீட்டுக்கும் வீதிக்கும் ஒரே காலம். சிம்ப்சன்களோ ஆண்டுதோறும் புதிய அரசியலையும் புதிய கருவிகளையும் கிண்டல் செய்ய விரும்பினார்கள். நல்ல எழுத்தாளர்கள் விலகியதே தளர்ச்சிக்குக் காரணம் என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை உண்டு. ஆனாலும் புதிதாக வந்தவர்கள் கையில் கிடைத்தது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத குடும்பம். எத்தனை திறமை இருந்தாலும் அதன்மேல் எதையும் அடுக்க முடியாது. லிசாவின் திருமணத்தை முன்கூட்டியே கற்பனை செய்த 1995ஆம் ஆண்டு எபிசோடு மனத்தைத் தொடுவதற்குக் காரணம், அங்கே அவள் வளர அனுமதிக்கப்பட்டாள் என்பதே.

பெரியவர்களுக்கான கார்ட்டூன் என்ற வாசலைத் திறந்தது சிம்ப்சன்ஸ். 'சவுத் பார்க்'கும் 'ஃபேமிலி கை'யும் அதன் வழியாகவே வந்தன. அந்தக் கடனை யாரும் மறுக்க முடியாது. அதே வாசலில் நுழைந்த 'கிங் ஆஃப் த ஹில்', 2025இல் திரும்பி வந்தபோது, சிறுவன் பாபியை இருபத்தொரு வயதுச் சமையல்காரனாகக் காட்டியது. இந்தத் துணிவுக்கான விதை சிம்ப்சன்ஸிலேயே இருந்தது. 1995இல் வந்த ஒரு கதையில், ஆயுள் முழுதும் நீ இங்கேதான் என்று நினைவூட்டும் பலகையை முதலாளி ஹோமரின் முன்னால் மாட்டிவைக்கிறார். ஹோமர் அதன் எழுத்துகள்மேல் மேகியின் படங்களை ஒட்டி, இந்த வேலை அவளுக்காக என்று படிக்கும்படி மாற்றிவிடுகிறார். அவள் வளர்ந்துவிடுவாள், இந்த வேலையால்தான் வளர்வாள் என்று நாம் நம்புவதால் அந்தக் காட்சி கலங்கவைக்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த நம்பிக்கையைத் தொடர் நிறைவேற்றவில்லை.