ஹன்னா செக்கர்: எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவே

ஹன்னாவின் ஹெச்ஐ 772 செக்கர், கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கருவிதான். உள்ளங்கையில் அடங்கும் உடல், ஒரே பொத்தான், ஒரு ஏஏஏ பேட்டரி, தண்ணீரின் அல்கலினிட்டியை டிகேஹெச் அளவில் காட்டும் சின்னத் திரை. பல மாதம் இதோடு பழகிய பிறகு நான் பேச நினைப்பது, அந்தத் திரையில் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒற்றை இலக்கத்தைப் பற்றி. என் தொட்டியில் பாறை முழுக்க ரோஜா நிறத்திலும் கத்தரிப்பூ நிறத்திலும் கோரலைன் பாசி படர்ந்திருக்கிறது. அதைக் காப்பாற்றியது அந்த இலக்கம்தான்.

கோரலைன் செம்பாசி இனம். மற்ற பாசிகள் வழவழவென்று இருக்கும். இதுவோ தன் செல் சுவரிலேயே சுண்ணாம்பை ஏற்றிக் கல்லாகிவிடும். அது மக்னீசியம் மிகுந்த கால்சைட். பவளங்கள் கட்டும் அராகனைட்டைவிட எளிதில் கரையக்கூடியது. அதனால் தண்ணீரின் வேதியியல் கொஞ்சம் கெட்டாலும் அடி முதலில் கோரலைனுக்குத்தான். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஹவாயில் கடல்நீர்த் தொட்டிகளில் அமிலம் சேர்த்து பிஹெச்சைக் குறைத்துப் பார்த்தபோது, புதிதாகக் கோரலைன் படிவது பெருமளவு குறைந்துபோனது. வீட்டிலும் இதே கதை நடக்கும். சென்னையில் மே மாதம் ஜன்னலை அடைத்து ஏசி ஓடுகிற அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், காற்றில் கரியமில வாயு ஏறும், தண்ணீரில் பிஹெச் இறங்கும். அந்த மாதிரி நாட்களில் அல்கலினிட்டியும் சேர்ந்து சரிந்தால் கோரலைன் தாங்காது.

கால்சியம் கிட் இருக்கிறதே, அது போதாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். கணக்கைப் பார்த்தால் ஏன் போதாது என்று புரியும். பாசியும் பவளமும் சுண்ணாம்பு கட்டித் தண்ணீரிலிருந்து 2.8 டிகேஹெச்சை இழுத்தால், கூடவே குறையும் கால்சியம் சுமார் 20 பிபிஎம்தான். 420இல் 20 குறைந்ததா இல்லையா என்பது கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். 8.4இல் 2.8 என்பது மூன்றில் ஒரு பங்கு. தொட்டி எவ்வளவு தின்கிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அல்கலினிட்டி.

ரீஃப் வேதியியலை எளிமையாக எழுதிய ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி, 7 முதல் 11 டிகேஹெச் வரை பரவாயில்லை என்கிறார். கால்சியம் 380 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். இயற்கைக் கடலில் அல்கலினிட்டி 7 அளவில்தான் இருக்கிறது. என் தொட்டியில் பார்த்தவரை, இந்த எல்லைக்குள் எந்த எண்ணில் நிறுத்தினாலும் கோரலைன் பழகிக்கொள்கிறது. திங்கட்கிழமை 9.5, வெள்ளிக்கிழமை 7.5 என்று ஆடினால்தான் வெளுக்கிறது. வளரும் விளிம்பில் இயல்பாகவே மெல்லிய வெளிர்கோடு ஒன்று ஓடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். திட்டின் நடுவில் சுவரில் காரை பெயர்ந்த மாதிரி வெள்ளை விழுந்தால்தான் ஆபத்து.

இந்த ஆட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால் தினமும் அளக்க வேண்டும். செக்கரின் பெருமை அங்கேதான். சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கிட்டில், மாறிவிட்டதா, இன்னும் ஒரு சொட்டா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் கண் தடுமாறும். இதில் அந்தத் தடுமாற்றம் கிடையாது. குப்பியில் 10 மில்லி தொட்டித் தண்ணீர், துடைத்து உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் அந்தத் தண்ணீரின் நிறத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிறகு 1 மில்லி ரீஏஜென்ட். மஞ்சளிலிருந்து பச்சை வழியாக நீலம் நோக்கி நிறம் போகும். குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கி, மறுபடி வைத்து அழுத்தினால் எண் வந்துவிடும். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதனால்தான் தினமும் செய்ய மனம் வருகிறது.

கையின் சுத்தம் முக்கியம். குப்பியில் விரல் ரேகை பட்டால் எண் தப்பும், உள்சுவரில் ஒரு குமிழி ஒட்டினாலும் தப்பும். சிரிஞ்ச் முனையில் காற்று நிற்காமல் ரீஏஜென்டை இழுக்கப் பழக வேண்டும். விளக்கு எரியும் நேரத்தில் தொட்டியின் வேதியியல் நகர்ந்துகொண்டே இருப்பதால், தினமும் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. நான் விளக்கு எரியும் முன்பே அளந்துவிடுகிறேன்.

ஹன்னா தன் கையேட்டிலேயே பிழை அளவைச் சொல்லிவிடுகிறது: 0.3 டிகேஹெச்சோடு, காட்டும் எண்ணில் 5 சதவீதம். அதாவது 8 என்று காட்டினால் உண்மை 7.3ஆகவும் இருக்கலாம், 8.7ஆகவும் இருக்கலாம். பிறகு அந்தத் தசம இலக்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அதே குப்பி, அதே பாட்டில், அதே கை என்றால் பிழையும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் நம்பத் தக்கது. புது ரீஏஜென்ட் பாட்டில் திறக்கும் அன்று மட்டும் ஒரே தண்ணீரைப் பழைய பாட்டிலாலும் புதியதாலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வித்தியாசம்தான் என் டோசிங் பம்ப்பைக் காட்டிக்கொடுத்தது. பம்ப் வேறொரு நிறுவனத்துடையது. தினமும் 30 மில்லி சோடியம் கார்பனேட் கரைசலைச் சொட்டச் சொட்ட விடுவது அதன் வேலை. செக்கரில் 8.5, 8.3, 8.0 என்று இறங்கிக்கொண்டே வந்தது. பம்ப்பின் ஆப்பிலோ ஒவ்வொரு வேளைக்கும் பச்சை டிக், 30 மில்லி முடிந்தது என்ற செய்தி. குழாயை எடுத்து அளவுக் குவளையில் விட்டுப் பார்த்தேன், வந்தது 22. உருளைகள் அழுத்தி அழுத்தி சிலிக்கான் குழாய் தளர்ந்திருந்தது. மோட்டார் சுற்றியதை மட்டும் எண்ணிவிட்டு, தண்ணீர் போனதாக ஆப் அறிவிக்கிறது! எனக்கு இது மன்னிக்க முடியாத வடிவமைப்பு. குழாய் தேயும் என்பது தயாரித்தவர்களுக்குத் தெரியும். இத்தனை மணி நேரம் ஓடிவிட்டது, அளந்து சரிபார் என்று ஒரு வரி காட்ட அவர்களுக்கு என்ன தடை? உயிருள்ள தொட்டியை நம்பி ஒப்படைத்திருக்கிறோம். குழாயை மாற்றி மறுபடி அளவிட்டு, ஒரே நாளில் தூக்கிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக 8.4க்குக் கொண்டுவந்தேன். பின் கண்ணாடியில் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்த ஒரு திட்டு திரும்பச் சிவக்கவில்லை. பக்கத்துத் திட்டு அதன்மேல் படர்ந்து மூடியது.

கோரலைனை வேகமாக வளர்க்கும் என்று விற்கும் பாட்டில்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அவற்றில் பெரும்பாலும் இருப்பது கால்சியமும் கார்பனேட்டும்தான். உங்கள் தண்ணீரில் எது குறைகிறது என்று தெரியாமல் ஊற்றினால் ஆட்டம்தான் கூடும். விதைக்கு, கோரலைன் ஒட்டிய ஒரு துண்டுப் பாறையோ, ஓட்டில் ஊதாப் படிந்த ஒரு டர்போ நத்தையோ போதும். மீதி வேலை நிலையான தண்ணீருடையது. பாஸ்பேட் அடங்கியிருக்க வேண்டும்; அது ஏறினால் சுண்ணாம்பு படிவதும் தடைபடும், முடிப்பாசியும் மேலே மூடிவிடும். கடல் முள்ளெலி வாங்கும்முன் யோசியுங்கள். பல வகைகள் கோரலைனையே சுரண்டித் தின்னும்.

கோரலைன் நன்றாகப் படர ஆரம்பித்த பிறகு செக்கர் இன்னொன்றும் சொன்னது. தினசரி இறக்கம் கூடிக்கொண்டே போனது. பவளம் எதுவும் புதிதாக வைக்கவில்லை. பாசியே அவ்வளவு கேட்கிறது. பம்ப்பிலும் ஹீட்டரிலும் ஏறிய பூச்சை வினிகரில் ஊறப் போட்டால், நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும்.

நாலைந்து மென்பவளமும் இளம் பாறையும் உள்ள புதுத் தொட்டி என்றால் இந்தச் செக்கருக்கு அவசரமில்லை. வாராவாரம் மாற்றும் உப்புத் தண்ணீரே ஈடுசெய்துவிடும். கல்பவளம் வைத்து டோசிங் தொடங்கிவிட்டவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரு ரீஏஜென்ட் பாட்டிலில் 25 சோதனைதான் வரும். தினமும் அளப்பவர்கள் இரண்டு பாட்டிலாக, காலாவதி தேதியைப் பார்த்து வாங்கி வையுங்கள்.