காதால் வாங்காதீர்கள்

அடையாறு காந்தி நகரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இளைஞர் இருக்கிறார். தரமணியில் சாஃப்ட்வேர் உத்தியோகம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கப் போன என்னைத் தெருமுனையில் மடக்கினார்.

'சார், புல்லட் வாங்கலாம்னு இருக்கேன். 86 மாடல் ஒண்ணு வந்திருக்கு. ஷோரூம்ல புதுசும் பார்த்துட்டேன். எதை எடுக்கலாம்?'

'எதுக்கு பழசு?'

'சவுண்டு சார்!'

இந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நீங்களும் இதே யோசனையில் இருந்தால் கவனியுங்கள்.

புல்லட் நம்ம ஊர் வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை திருவொற்றியூரில். தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்டுவிட, பிள்ளை மட்டும் இங்கே பிழைத்துக்கொண்டு, 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. ஐம்பதுகளில் வந்த அதே டிசைன், சின்னச் சின்ன மாற்றங்களுடன் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடியது. இதைப் பெருமை என்றும் சொல்லலாம், சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

மாடல் வருடம் என்று பார்த்தால் 350-ல் முக்கியமாக மூன்று தலைமுறை. முதலாவது வார்ப்பிரும்பு எஞ்சின். எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. 18 குதிரை சக்தி. கூடவே ஆயில் லீக், இலவசம். புகைக் கட்டுப்பாடு இறுகியதும் இது விடைபெற்றது. 2008-ல் தண்டர்பேர்டிலும் 2009-ல் கிளாசிக்கிலும் வந்தது இரண்டாவது. எஞ்சினும் கியரும் ஒரே உறைக்குள், அலுமினியத்தில். மூன்றாவது 2020 நவம்பரில் மீட்டியோரில் வந்து, 2021-ல் கிளாசிக்குக்கும் 2023 செப்டம்பரில் புல்லட்டுக்கும் போனது. அதிர்வை அடக்க ஒரு பேலன்சர் ஷாஃப்டைச் சேர்த்திருக்கிறார்கள். 349 சிசி, 20 குதிரை சக்திக்குச் சற்று மேல். அறுபது வருடத்தில் கூடியது இரண்டு குதிரை! வேகத்துக்காக யாரும் புல்லட் வாங்குவதில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். 2009-ல் இரண்டாவது எஞ்சின் வந்தபோது புல்லட் பக்தர்கள் ஒப்பாரி வைத்தார்கள். 'சத்தம் போச்சு, தையல் மெஷின் மாதிரி இருக்கு' என்றார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து மூன்றாவது வந்ததும் மறுபடி ஒப்பாரி. இந்த முறை 'அசல் சத்தம்' என்று அவர்கள் ஏங்கியது எதற்குத் தெரியுமா? 2009-ல் திட்டித் தீர்த்த அதே இரண்டாவது எஞ்சினுக்கு!

ஜெர்மனியிலும் இதே கதைதான். போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் முப்பது வருடத்துக்கு மேல் காற்றால் குளிரும் எஞ்சினோடு ஓடிவிட்டு, 1998-ல் முழுக்கத் தண்ணீருக்கு மாறியது. 'இது போர்ஷேவே இல்லை' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். காற்று எஞ்சின் கார்களுக்கு இன்றைக்கு எட்டாத விலை. ஓட்டத்திலும் பிரேக்கிலும் புதுசு தேவலை என்பதை ஒப்புக்கொள்கிறவர்களே அந்த விலையையும் கொடுக்கிறார்கள்.

ஆக, நாம் 'அசல்' என்பது எஞ்சினில் இல்லை. நமக்குப் பதினைந்து வயதில் எந்த வண்டி தெருவைக் கடந்துபோனதோ, அதுதான் அசல். இதற்கு மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. சிலர் செய்யப் பார்க்கிறார்கள். 'டுக்... டுக்...' வேண்டும் என்று ஐடிலிங்கை அளவுக்கு மீறிக் குறைத்து வைப்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஆயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். பேரிங் பட்டினி கிடக்கும். சங்கீதம் முடிந்ததும் எஞ்சினை இறக்க வேண்டும்.

காதை விட்டுவிட்டுக் காலுக்கு வாருங்கள். விஷயம் அங்கேதான்.

86 மாடலில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நம் இளைஞர் இதுவரை ஓட்டியதெல்லாம் இடது கால் கியர் வண்டிகள். எல்.பி. ரோட்டில் போகிறார், ஓர் ஆட்டோ சிக்னல் காட்டாமல் திரும்புகிறது என்று வையுங்கள். மூளை யோசிப்பதற்குள் வலது கால் பழக்கத்தில் ஓங்கி மிதிக்கும். பிரேக் பிடிக்காது. அடுத்த கியர் விழும்! முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக் வேறு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். மழை நாளில் இந்த மூன்றெழுத்து, எந்த சத்தத்தையும்விட இனிமையானது.

பழசுக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து, கிக்கரை மெல்ல ஒரு தள்ளு தள்ளி, அப்புறம் ஓர் உதை. தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். இந்தப் பூஜையைக் கற்றவர்களுக்கு ஒரு யந்திரத்தோடு பேசத் தெரிகிறது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வீட்டு வாசலில் உட்கார்ந்தே பாதி ரிப்பேர் பார்க்கலாம். புது வண்டி பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்வதைத் தவிர உங்களுக்கு வேலை இல்லை. அந்த இழப்பு நிஜம்.

அதனால் என் கணக்கு இது. தினசரி ஆபீஸ் போக, ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய் வர, பின்னால் ஒருவரை உட்கார வைக்க: புதுசு. வாரம் ஒரு நாள் கையில் கிரீஸ் பூசிக்கொள்ள ஆசையும், நம்பகமான மெக்கானிக் ஒருவரும், வீட்டில் வேறு வண்டியும் இருந்தால்: பழசு. அப்போதும் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு. பழசு மாதிரியும் வேண்டும், தொந்தரவும் கூடாது என்பவர்கள் 2009-க்குப் பிந்தைய செகண்ட் ஹேண்டைப் பார்க்கலாம். எண்பதைத் தாண்டினால் கைப்பிடி கூசும், தாண்டாமல் போங்களேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'ஏன் சரியா 86?' என்று கேட்டேன்.

'அப்பா வச்சிருந்தது 86 சார். நான் ஏழாவது படிக்கறப்ப வித்துட்டார். தெருமுனை திரும்பும்போதே சத்தத்துல கண்டுபிடிச்சிடுவேன்.'

நான் இதற்கு என்ன சொல்வது? 'அதே வண்டியா கிடைச்சா, விலையே பேசாம வாங்கிடுங்க. இது வேற யாரோட அப்பா வண்டியோ' என்றேன்.

போன வாரம் புது புல்லட்டில் வந்து நின்றார். முறுக்கிக் காட்டினார். 'சவுண்டு கொஞ்சம் கம்மிதான், இல்ல சார்?'

பின்சீட்டில் அவர் பெண், ஆறு வயதிருக்கும், ஹெல்மெட்டுக்குள் முழுக்க முங்கியிருந்தது. 2045-ல் இதுதான் ஒரிஜினல் சவுண்டு என்று அது சண்டை போடும்.