குறுந்தொகை 28: தேமாவுக்கு என்ன அர்த்தம்?

ஏக்கத்தைச் சொல்லும் கவிதையில் ஓசையும் ஏங்கும் என்பது நம் தமிழ் வகுப்பறைகளின் நிரந்தர நம்பிக்கை. துயரம்னா நெடில், ஆவேசம்னா வல்லினம். எம்.ஏ.வில் எனக்கும் இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள். புதுக்கவிதைக்காரர்களோ யாப்பை விலங்கு என்று கழற்றிப் போட்டாயிற்று. யாப்பு எப்படி இயங்குகிறது என்று இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை.

ஔவையாரின் குறுந்தொகை 28ஐ எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடி. முட்டுவதா, தாக்குவதா, ஏதாவது சாக்கு வைத்துக் கூவுவதா என்று தவிக்கிறாள் தலைவி. காற்று அலைக்கழிக்கிறது. ஊர் தூங்குகிறது. அடியெதுகை எங்கும் கிடையாது (எதுகைக்கு மார்க் போடுகிறவர்கள் வேறு பாட்டுக்குப் போகலாம்). திரும்பத் திரும்ப வருவது 'கொல்' என்னும் ஐய இடைச்சொல். முதலடியில் இரண்டு முறை. மூன்றாவதற்கு மூன்றாம் அடியின் கடைசிவரை காத்திருக்க வேண்டும். நடுவில் 'ஆஅ' என்று ஓர் அளபெடை வேறு. வினை ஒவ்வொரு முறையும் மாறுகிறது, ஐயம் மட்டும் மாறவில்லை. இதை 'அழுத்தம் தருவதற்காக' என்று சொல்லிட்டுப் போயிட முடியாது. எதைச் செய்தும் பயனில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி சீர்கள். தொல்காப்பியர் கணக்கில் நேர்பசை வரும். நான் காரிகைக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். முதலடியின் நான்கு சீரும் தேமா. மண்டை சுவரில் மோதுகிற சத்தம் என்று வாத்தியார் சொல்லிவிடுவார். சரி, கடைசி இரண்டு சீரும் தேமாதானே? அங்கே ஊர் அல்லவா தூங்குகிறது? ஆக, தேமாவுக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது. ஈற்றயலடியில் மூன்றே சீர், மூன்றும் கருவிளம், மூன்றும் அகரத்தில் தொடங்குபவை. முந்தின அடியின் அலறலோடு மோனை. அடுத்து அவள் நோயைச் சொல்லும் சீரும் கருவிளமே. காற்றும் நோயும் ஒரே ஓட்டமாக ஓடி, பிறகு தேமா வரும்போதுதான் அது தூக்கமாகக் கேட்கிறது. வித்தியாசத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது என்று சசூர் மொழிக்குச் சொன்னது யாப்புக்கும் பொருந்துகிறது.

திருமணத்துக்குமுன் இவள் ஆற்றமாட்டாள் எனக் கவலைப்பட்ட தோழியிடம் சொன்னது என்கிறது கொளு. வேதனையை இரண்டு பெண்களுக்கிடையே பூட்டி வைக்கும் ஏற்பாடு இது. பிரதி அதற்கு அடங்குவதாக இல்லை. கூவல் யாரை நோக்கியது என்பதைக் கடைசிச் சீரின் நான்காம் வேற்றுமைதான் சொல்கிறது. ஊருக்கு. முதலடியில் மோதிய அதே தேமா அங்கே ஊர்மீது விழுகிறது. ஏக்கம் தலைவனைப் பற்றியது என்று நாம் படிக்கிறோம். ஐந்து அடியிலும் அவனைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை.