கிப்ளிங்கின் வளர்ப்பில்லமும் இழந்த முதல்மொழியும்

ருட்யார்ட் கிப்ளிங்கின் (1865–1936) இளமைத் துன்பத்தைக் குறிப்பிடாத திறனாய்வாளர் அரியர். 1871இல், ஆறு வயது நிறையுமுன்பே, அவரும் தங்கையும் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சவுத்சீயில் கட்டணம் பெற்றுக் குழந்தைகளை வளர்த்த ஒரு குடும்பத்தில் விடப்பட்டனர். 1877 வரை அங்கே அவர் பட்ட அடியும் அவமதிப்பும் 'பா பா பிளாக் ஷீப்' (1888) என்னும் சிறுகதையிலும், மறைவுக்குப் பின் 1937இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் பதிவாகியுள்ளன. அவர் படைப்புகளில் காணும் வெறுப்புணர்வுக்கு இவ்வீட்டையே ஊற்றாகக் காட்டினார் எட்மண்ட் வில்சன் (1941).

இவ்விளக்கம் உளவியல் நோக்கில் பொருத்தமுடையதே, எனினும் முழுமையானதன்று. அவ்வீட்டில் கிப்ளிங் இழந்தது பெற்றோரின் அன்பை மட்டுமன்று; தம் முதல்மொழியையும் இழந்தார். பம்பாயில் அவர் ஆயாவுடனும் பணியாளருடனும் பேசியது இந்துஸ்தானி. அம்மொழியில் எண்ணியதையே ஆங்கிலத்தில் பெயர்த்துப் பெற்றோரிடம் தடுமாறிப் பேசினார் என்பது தன்வரலாற்றால் புலனாகிறது. 1882இல், பதினாறாம் வயதில், பம்பாய்க்குத் திரும்பியபோது தமக்கே பொருள் விளங்காத உள்நாட்டு மொழித் தொடர்கள் தம் வாயில் வந்தன என்றும் அதில் குறிப்பிடுகிறார். தொடர் எஞ்சிப் பொருள் அகன்ற இந்நிலை, மொழித்தேய்வை ஆராய்வோர் கருதத்தக்க சான்றாகும்.

'கிம்' (1901) நாவலை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். பெற்றோரை இழந்த கிம், ஆங்கிலத்தைவிட உள்நாட்டு மொழியையே விரும்பிப் பேசுபவன். இந்திய மொழி உரையாடலை வழக்கொழிந்த 'தௌ' என்னும் முன்னிலை ஒருமையாலும், ஆங்கில உரையாடலை 'யூ' என்பதாலும் கிப்ளிங் பெரும்பாலும் வேறுபடுத்துகிறார். தமிழில் பெயர்ப்போர் கருத வேண்டிய இடம் இதுவே. முன்னதை 'நீ' என்றும் பின்னதை 'நீங்கள்' என்றும் இயந்திரம்போல் பெயர்த்தால், தான் போற்றும் லாமாவையே கிம் 'நீ' என்று அழைப்பதாக முடியும். அவ்வடிவம் இங்குச் சுட்டுவது மரியாதையின் அளவையன்று, பேசப்படும் மொழியை. எனவே லாமாவிடம் 'தாங்கள்' என்பதே பொருந்தும். மொழி வேறுபாட்டைச் சொற்றேர்வாலும் தொடரமைப்பாலும் உணர்த்தலாம்.

மொழியிழப்பை வலியுறுத்துவதால் கிப்ளிங்கின் பேரரசுச் சார்பு மறைந்துவிடாது. ஆனால் ஆங்கிலம் கைவிட்ட ஒரு வடிவத்தைக் கொண்டே, தாம் சிறுவயதில் இழந்த மொழியை அவர் எழுத்தில் மீட்க முயன்றார் என்பது தெளிவு. வளர்ப்பில்லத்தின் நீடித்த தாக்கத்தை அவர் கதைப்பொருளில் மட்டும் தேடுவோர் இதனைக் காணத் தவறுவர்.