சீமைக்குப் போன பிள்ளைகள் எழுதும் கட்டுரைகள்

கொங்கு நாட்டில் எந்தக் கல்லூரியின் ஆண்டு மலரைப் புரட்டினாலும் இப்போது ஒரு கட்டுரை தவறாமல் கண்ணில் படுகிறது. ஜெர்மனிக்கோ அயர்லாந்துக்கோ மேற்படிப்புக்குப் போன பழைய மாணவர் எழுதி அனுப்பியது. அங்கே ரயில் நிமிடம் தவறாது, குப்பையை நிறம்வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள், முன்பின் தெரியாதவர்கூட முகம் பார்த்துச் சிரிக்கிறார், பாரிசில் மோனலிசாவைப் பார்த்து மெய்சிலிர்த்தது, தீபாவளிக்கு எல்லாரும் கூடி முறுக்குச் சுட்டோம். கடைசியில், என்ன இருந்தாலும் நம் பண்பாடு போல வராது என்று ஒரு வரி. மேலே இருக்கும் பெயரை மாற்றி அச்சடித்தால் எழுதியவருக்கே அடையாளம் தெரியாது.

அதற்காக இந்த வழக்கமே வேண்டாம் என்று தள்ளிவிட முடியவில்லை. குமாரமங்கலம் ஜமீன் வீட்டு சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் படித்தார், அவர் மகன் மோகன் கேம்பிரிட்ஜில் படித்தார். கொங்கு நாட்டில் சீமைப் படிப்பு வெகுகாலம் அப்படிப்பட்ட வீடுகளின் சமாச்சாரமாகத்தான் இருந்தது. இன்றைக்கு நெசவு ஊரான சென்னிமலையில் தறிக்குழிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை, வங்கிக் கடனில் மான்செஸ்டர் போகிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. பார்க்கப் போகும் கண்கள் மாறிவிட்டன. எழுதும் கட்டுரை மட்டும் பழைய ஜமீன் வீட்டு விருந்தாளியின் கட்டுரையாகவே இருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்துவிட்டு, 1930களில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. 1940இல் படம் வெளிவந்தது. அவருடைய பயணக் கட்டுரைகளில் வியப்புக்குறி அபூர்வம். கையில் ஒரு தொழில் இருந்ததால் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சின்ன வாக்கியங்கள், சந்தித்த மனிதர்கள், அவர்கள் சொன்ன ஒன்றிரண்டு பேச்சு, அவ்வளவுதான். குறை என்று சொன்னால், தன்னை அளவுக்கு மீறி ஒளித்துக்கொண்டார். அவருக்கு எது பிடிக்கவில்லை என்பதைப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கிறது.

இதே காரியத்தைத் தலைகீழாகவும் பார்க்கலாம். நாம் சீமைக்குப் போனது போல, சீமையிலிருந்து நம் ஊருக்குப் படிக்க வந்தவர் உண்டே. 1960களின் நடுவில் ஆக்ஸ்போர்டில் மானிடவியல் ஆய்வு மாணவியாக இருந்த பிரெண்டா பெக், காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். சென்னிமலையிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். தமிழ் கற்றுக்கொண்டார். 1965இல் இராமசாமி என்ற கதைப்பாடகர் உடுக்கடித்து இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை நாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்ட வடிவத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம்தான் முக்கியம். கூட்டத்தின் முன் பாடும்போது கதை எங்கே நீள்கிறது, எழுத்துக்காகச் சொல்லும்போது எது உதிர்கிறது என்பதை ஒரு மாணவி கவனித்திருக்கிறார். அந்தக் கதையின் நாயகர்களான பொன்னரையும் சங்கரையும் பிள்ளைப் பிராயத்திலிருந்து கேட்டுவந்த நமக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

அவரையும் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். 1972இல் வந்த அவருடைய கொங்குச் சமூகம் பற்றிய நூல், நிலத்தைச் சார்ந்த சாதிகளை வலங்கையாகவும் கைத்தொழிலும் வணிகமும் செய்தவர்களை இடங்கையாகவும் பிரித்து, கோயிலிலிருந்து சமையல் வரை எல்லாவற்றையும் அந்தப் பிரிவில் வைத்துப் பார்க்கிறது. பார்வை கூர்மையானது. ஆனால் எல்லாம் அவரவர் கட்டத்தில் அசையாமல் நிற்பது போன்ற ஒரு படம் கிடைக்கிறது. அவர் வந்திருந்த காலத்திலேயே சென்னிமலையில் எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் நெசவாளரைக் கூட்டுறவுச் சங்கங்களில் திரட்டிக்கொண்டிருந்தார்கள். நூலுக்காக முதலாளி வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தவர் சங்கத்தில் பங்குதாரர் ஆவது சின்ன மாற்றமா? அந்த அசைவு வலங்கை இடங்கைக் கணக்கில் விழாது. இன்னொன்று: இராமசாமி பாடிய கதை தமிழும் ஆங்கிலமுமாக நூலாகி வந்தது 1992இல்தான். பாடிய இரவுக்கும் அச்சுக்கும் நடுவே 27 ஆண்டுகள். அதற்குள் எத்தனை பேர் ஆய்வுப் பட்டம் வாங்கிவிடலாம்! ஆனாலும் பெக் இங்கே கேட்டதை நமக்கே திருப்பிக் கொடுத்தார். நம் பிள்ளைகள் மான்செஸ்டரைப் பற்றி எழுதுவதை மான்செஸ்டர்க்காரர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சீமையில் நமக்கென்று பார்க்க என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. லங்காஷயரின் பழைய பருத்தி நகரமான பிரஸ்டனில் ஹாரிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் தொகுத்த துணி மாதிரிப் புத்தகங்களின் ஒரு பிரதி உள்ளது. 18 தொகுதிகள், 700 துணித் துண்டுகள், மொத்தம் 20 பிரதிகள். 13 பிரிட்டனில், 7 இந்தியாவில் வைக்கப்பட்டன. நோக்கத்தை மறைக்கவே இல்லை. இந்தியர் எதை உடுத்துகிறார்கள், எவ்வளவு நீளம், எந்தக் கரை என்று ஆலைக்காரர்கள் தெரிந்துகொண்டு, அதையே நெய்து நம்மிடம் விற்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் போகிற எல்லாரும் அந்தத் துண்டுகளின் அழகைப் பற்றி எழுதலாம். சென்னிமலைப் பிள்ளை ஒருத்தி போய் நின்றால் வேறு கேள்விகள் வர வேண்டும். பாவு எத்தனாம் நம்பர் நூல்? தறிப் பண்ணையில் பல்லுக்கு எத்தனை இழை? கரைக்குத் தனிப் பாவு ஓட்டியிருக்கிறார்களா? ஊடை ஒற்றை இழையா இரட்டையா? இந்தத் துண்டை வெட்டிய பிறகு மீதித் துணி எங்கே போயிற்று? தார் சுற்றிப் பழகிய கை இதையெல்லாம் விரலில் தொடாமலே கண்ணால் அளந்துவிடும். லண்டன் பேராசிரியருக்கு இல்லாத தகுதி அது. சென்னிமலையில் 1904இல் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் விடுதலைப் போராட்டத்தில் திருப்பூரில் கொடி பிடித்து அடிபட்டு இறந்ததையும் அந்தப் புத்தகத்தையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவர அவளால்தான் முடியும்.

கேட்காமல் வியப்பதில் என்ன கெட்டுப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துத் திருமங்கையாழ்வாரைச் சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி. 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கப்பட்டது. நம் ஆழ்வார் இங்கே இருக்கிறாரே என்று பெருமைப்பட்டுப் படம் எடுத்துக்கொண்ட தமிழர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தச் சிலை கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்தபோது 1957இல் எடுத்த புகைப்படம் புதுச்சேரி ஆவணக் காப்பகத்தில் இருந்தது. 2019இல் தனி ஆய்வாளர் ஒருவர் அதைப் பொருத்திக் காட்டிய பிறகே பேச்சு எழுந்தது. 2024இல் சிலையைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மன்றம் ஒப்புக்கொண்டது. 'எப்படி வந்தது' என்ற இரண்டு சொல் கேள்விக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. உதவித்தொகையில் போனவர் நன்றி சொல்லும் தொனியிலிருந்து விலக முடிவதில்லை. கடனில் போனவருக்கோ நேரமே இல்லை. பிரிட்டனில் மாணவர் படிப்பு நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பலரும் செய்கிறார்கள். கடையில் சரக்கு அடுக்குவது, கிடங்கில் பெட்டி தூக்குவது, விடுதியில் பாத்திரம் கழுவுவது. அங்கேதான் நைஜீரியாக்காரரும் போலந்துக்காரரும் வங்காளியும் பக்கத்தில் நிற்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், அவரவர் ஊர்க் கடனைப் பேசுகிறார்கள். வேற்று நாட்டாரோடு உண்மையான சந்திப்பு என்று ஏதாவது நடந்தால் அது அங்கேதான் நடக்கிறது. ஆனால் அது மட்டும் எழுத்தில் வருவதே இல்லை. வந்தால் ஊரில், "அங்க போயும் இந்த வேலைதானுங்களா?" என்று பெற்றவர்களிடம் யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தில் மோனலிசா முன்னுக்கு வருகிறாள், கிடங்கு மறைந்துபோகிறது. என் பார்வையில் இந்த வகை எழுத்தின் பெரிய ஊனம் இதுதான். கலையைப் பற்றிய அரைகுறை அறிவைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். மானத்துக்காக மறைத்ததை வேறு யாரும் வந்து எழுதித் தர மாட்டார்கள்.

காணொளி போடுகிறவர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலை. அறை வாடகையையும் வேலை கிடைக்காத மாதத்தையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அதில் கலை கிடையாது, பெரும்பாலும் பொறுமையும் கிடையாது. ஆனால் நேர்மை இருக்கிறது.

ஆண்டு மலர் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாடு புறப்படும் மாணவரை, போவதற்கு முன்பே தன் தெருவைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். போர்வை நெய்கிற வீடு என்றால் பாவு பிணைப்பதிலிருந்து சங்கத்தில் கூலி வாங்குவது வரை. சென்னிமலை வட்டாரத்துப் பிள்ளை என்றால் நொய்யல் கரைக் கொடுமணலுக்கு ஒரு நடை போய், கல்மணி செய்தவர்கள் விட்டுப்போன தடயத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும். போன பிறகு ஒரே ஒரு இடத்தையோ ஒரு தொழிலையோ ஒரு மனிதரையோ பற்றி எழுதச் சொல்லுங்கள், பார்த்த வேலையையும் சேர்த்து. இரண்டையும் ஒரே இதழில் அடுத்தடுத்து அச்சிடுங்கள். பக்கம் போதவில்லை என்றால் விருந்தினர் வாழ்த்துரைகளில் நான்கைக் குறைத்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.