பள்ளிச் சுவருக்கு வந்த சித்திரங்கள்

யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்த பிரெண்டா ரான்ஸ்லி என்ற ஆங்கிலப் பெண்மணி, அக்கணவர் தொடங்கி வைத்திருந்த சிறு ஸ்தாபனத்தை 1945ஆம் ஆண்டில் மீண்டும் கையிலெடுத்து, பிரிட்டனின் தேர்ந்த ஓவியர்கள் பலருக்கும் கடிதம் எழுதி, பாடசாலைச் சுவர்களுக்கென்றே புதிய சித்திரங்கள் தீட்டித் தரும்படி வேண்டிக்கொண்டார். ‘ஸ்கூல் பிரிண்ட்ஸ்’ என்று பெயர் கொண்ட அம்முயற்சியில், வந்த மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குக் கலை விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் தலைமை தாங்கினார். கலைஞரும் ஸ்தாபனமும் கூடிக் கல்விச் சாதனம் படைப்பதில் எது கைகூடும், எது கைநழுவும் என்பதை ஆராய இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதன் முதற் சிறப்பு அச்சுமுறையிலேயே இருக்கிறது. புகழ்பெற்ற ஓவியத்தைப் புகைப்படமெடுத்து அச்சிட்டால் கிடைப்பது நகல். கல்லச்சிலோ, ஓவியரே ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியே கல்லின்மீதோ தகட்டின்மீதோ தம் கையால் வரைந்துவிடுவதால், ஆயிரக்கணக்கில் அச்சிட்டாலும் ஒவ்வொரு தாளும் மூலப் படைப்பே ஆகிறது. ஆகவே, நகரத்து அருங்காட்சியகத்தைக் கண்டறியாத கிராமத்துச் சிறுவனும், ஒரு கலைஞனின் கைக்கோட்டை இடையீடின்றிக் காணும் பாக்கியம் பெற்றான். அதனினும் என் மனத்தைக் கவர்ந்தது, படத்தைச் சுற்றி ஓவியரே ஒரு சட்டத்தையும் வரைந்துவிடவேண்டும் என்ற ஏற்பாடு. மரச்சட்டமும் கண்ணாடியும் வாங்க வகையற்ற பள்ளிக்கூடம், நான்கு ஊசிகளைக் குத்தி அதனை மாட்டிக்கொள்ளலாம். ஏழைப் பள்ளியின் நிலையை அறிந்தவர்களுக்கே இத்தகைய யோசனை தோன்றும்.

சந்தா செலுத்திய பள்ளிகளுக்கென 1946ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய படங்களில் ஜான் நாஷின் அறுவடைக் காட்சியும், லௌரியின் பொம்மலாட்டக் கூட்டமும், பார்பரா ஜோன்ஸின் திருவிழாத் திடலும் இருந்தன. பிள்ளைகள் கண்ட உலகமே அவற்றில் இருந்தமையால், விளக்குவார் இல்லாத குறை வெளிப்படவில்லை.

அக்குறை வெளிப்பட்டது 1949இல். பிரெண்டா அம்மையார் சிறு விமானமொன்றை அமர்த்திக்கொண்டு பிரான்ஸுக்குப் பறந்து, பிக்காஸோ, மாத்தீஸ், பிராக், லெஜே, தூஃபி ஆகிய நவீன ஓவியர்களையும், தம் நாட்டு ஹென்றி மூரையும் இத்திட்டத்தில் சேர்த்திருந்தார். அத்துணிவை வியக்காதிருக்க முடியாது. ஆனால் அவர்களுடைய படங்கள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. புதுமையைக் கண்ட பள்ளிகளின் அச்சமே காரணம் என்று சொல்லி அப்பால் நகர்வது சுலபம். அது பாதி உண்மையே. நல்ல சித்திரம் சுவரில் இருந்தால் போதும், கண் தானே பழகிவிடும் என்பதுதான் இத்திட்டத்தின் ஆதார நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் உபாத்தியாயருக்குக் கிடைத்த ஸ்தானம், படைப்பில் பங்காளியுடையதன்று, சந்தாதாரருடையதே. வகுப்பில் எழும் கேள்விக்கு முதலில் முகங்கொடுக்க வேண்டியவரோ அவர்தாம். தமக்கே பிடிபடாத படத்தை அவர் வாங்கத் தயங்கியதைக் குற்றமென்று கொள்ள என் மனம் இசையவில்லை.

இதனோடு 1930இல் சாந்திநிகேதனத்திலிருந்து வெளிவந்த ‘சஹஜ் பாட்’ என்ற வங்காளப் பாலபாடத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரவீந்திரநாதர் பாடம் எழுத, அங்கிருந்த கலைப்பள்ளியான கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸ் கறுப்பு வெள்ளையில் சித்திரம் செதுக்கினார். இருவருமே நாள்தோறும் மாணாக்கரிடையே வாழ்ந்த ஆசிரியர்கள். வர்ணச் செழுமையிலும் அளவிலும் ஆங்கிலப் படங்களுக்கு அது ஈடாகாது. எனினும் அங்கே எழுத்தும் சித்திரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், குழந்தை படத்தினூடே பாடத்துக்கும் பாடத்தினூடே படத்துக்கும் தடையின்றிச் சென்று மீள்கிறது.

2018இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் நகரத்து ஹெப்வொர்த் அருங்காட்சியகம் ‘ஸ்கூல் பிரிண்ட்ஸ்’ என்ற பழைய பெயரையே சூட்டி அந்த ஆங்கில முயற்சியைப் புதுப்பித்து, ஜெரமி டெல்லர், ரோஸ் வைலி முதலிய இக்காலக் கலைஞர்களின் அச்சோவியங்களை அவ்வட்டாரத்து ஆறு ஆரம்பப் பள்ளிகளுக்கு வழங்கியது. படத்துக்கும் வகுப்புக்கும் நடுவே ஓர் அருங்காட்சியகம் துணைநிற்பது பழைய குறைக்கு உற்ற பரிகாரந்தான். ஆனால் 1946இல் சந்தா செலுத்திய எந்த மூலைப் பள்ளிக்கும் தபாலில் போய்ச்சேர்ந்த சித்திரம், இம்முறை அருங்காட்சியகத்தின் அண்டைப் பள்ளிகளுக்கே முதலில் உரியதாயிற்று.