மென்காதல் புதினமும் மொழிபெயர்ப்பும்: மராத்தி – தமிழ் நோக்கு

0. முன்னுரை

இனிது முடியும் காதல் புதினங்களை மன ஆறுதலுக்காகப் படிப்போர் பல மொழிகளிலும் உளர். திறனாய்வாளர் பலர் இவ்வகைப் புதினங்களைப் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவர். படிப்பதற்கு எளிதாக இருப்பது மொழிபெயர்ப்பதற்கும் எளிதன்று என்பதை மராத்திச் சான்றுகள் கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1. பட்கேயும் காண்டேகரும்

மராத்தியில் மென்காதல் புதினத்தை வளர்த்தவர்களுள் தலையாயவர் நா. சீ. பட்கே (1894–1978). கோலாப்பூரில் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர் புனேயில் மறைந்தார். கல்வி கற்ற நடுத்தர வகுப்பு இளைஞரின் காதலே அவருடைய முதன்மைக் களம். ‘கலை கலைக்காகவே’ என்று அவர் வாதிட, ‘கலை வாழ்க்கைக்காக’ என்று வி. ச. காண்டேகர் மறுத்தார். 1931-இல் வெளிவந்த ‘பிரதிபாசாதன்’ என்னும் நூலில் புனைகதைக் கலையின் உத்திகளைப் பட்கே முறைப்பட ஆராய்ந்தார். இலகுவான கதையும் பயிற்சியால் அமைவதே என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் மொழிபெயர்ப்புகளால் காண்டேகர் தமிழில் ஆழ வேரூன்றினார். பட்கேக்கு அத்தகைய வரவேற்பு வாய்க்கவில்லை. தமிழ் வாசகர்க்கு இவ்வகையில் நாட்டமில்லை என்று கூற இயலாது. ரமணிசந்திரனின் புதினங்களை வாடகை நூல் நிலையங்களில் தேடிப் படித்தோர் மிகப் பலர். எனவே, பிற காரணங்களோடு மொழியமைப்பையும் நோக்குதல் வேண்டும்.

2. உரையாடலும் பால்காட்டும் ஈறும்

மென்காதல் புதினத்தின் முடிவு வாசகர் முன்னரே அறிந்தது. அவ்வறிவே ஆறுதலுக்கு அடிப்படை. ஆதலின் சுவை, நிகழ்ச்சியைவிடக் காதலரின் சொல்லாடலிலேயே மிகுதியும் தங்குகிறது.

மராத்தியில் ‘நான் போகிறேன்’ என்பதை ஆண் ‘மீ ஜாதோ’ என்றும் பெண் ‘மீ ஜாதே’ என்றும் கூறுவர். முன்னிலையிலும் ‘தூ ஜாதோஸ்’, ‘தூ ஜாதேஸ்’ எனப் பால் வேறுபாடு உண்டு. எதிர்காலத் தன்மை வினையில் இவ்வேறுபாடு இல்லை. எனினும் நிகழ்கால உரையாடலில் ‘என்றான்’, ‘என்றாள்’ என்பன இன்றியே பேசுபவர் யாரெனப் புலப்படும். தமிழில் தன்மை, முன்னிலை வினைகள் பால் காட்டா. கூற்றுதோறும் ‘என்றான்’, ‘என்றாள்’ எனச் சேர்த்தால் உரையாடலின் விரைவு குன்றும்.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் எளிதாக நாடும் வழி ஒன்றுண்டு. அவன் ‘நீ’ என்றும் அவள் ‘நீங்கள்’ என்றும் பேசுமாறு அமைத்தால் பேசுபவர் யாரென விளங்கும். ஆனால் இருவரும் ‘தூ’ என்றே விளித்துக்கொள்ளும் மூலத்திற்கு இது பொருந்தாது. மராத்தி ஈறு பாலை மட்டுமே காட்டும். தமிழ் வழக்கோ உயர்வு தாழ்வையும் உடன் புகுத்தும். ஒத்த இருவரின் ஊடல், பணிவுப் பேச்சாகத் திரிந்துவிடும்.

3. பெயர் கூறும் விளையாட்டு

கணவன் பெயரைச் சொல்லாத மரபு இரு சமூகங்களிலும் இருந்துள்ளது. மராத்தியில் மனைவி அவனை ‘அஹோ’ என்பாள். தமிழில் ‘ஏங்க’ என்பாள். ஆயின் திருமணத்தில் மணமகள் கணவன் பெயரை இயைபுத்தொடை அமைந்த சிறு பாடலில் பொதிந்து கூறும் ‘உகாணா’ மராத்தியரிடையே வழங்குவது. இத்தகைய இடத்தில் அடிக்குறிப்பு பொருளைத் தரும், நகையைத் தராது. தமிழிலேயே புதிய ஈரடி ஒன்றைப் புனைவதே தக்கது.

4. முடிவுரை

மென்காதல் புதினங்களில் வறுமையும் சாதியும் பெரும்பாலும் கதைக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகின்றன. இக்குறையைச் சுட்டுதல் திறனாய்வின் கடமை. ஆயினும் அதனைக் காட்டி மொழித்திறனைக் காணாது விடுதல் முறையன்று. மென்மை கெட்ட மொழிபெயர்ப்பில் அந்நூலின் பயனே கெட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் கனமான உரைப்பகுதிகளோடு காதலர் உரையாடல்களுக்கும் இடமளித்தல் நன்று. பால், மதிப்பு, நெருக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே செயற்படும் களம் அது.